சின்டலூட்டாவின் வேகன் பதிவேடு

1900 வாக்கில் ஒரு கூட்ஸ் வேகன் நிரம்ப ஏறக்குறைய 1,000 புஷல் கோதுமை வேண்டும். புஷல் என்பது தானியம் அளக்கும் அளவு; கோதுமை என்றால் புஷலுக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோ சொச்சம். இரட்டைக் குதிரை வண்டி ஒரு நடைக்கு 60 புஷல் இழுத்தால் அது நல்ல பாரம். ஆக, வேகன் ஒன்றுக்குப் பதினேழு நடை. பண்ணை ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி இருந்தால் ஒரு நடைக்கே ஒரு பகல் போய்விடும். கனடாவின் புல்வெளிச் சமவெளியில் சின்டலூட்டா என்ற சின்ன ஊரில், ரயில் வேகனை யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்று 1902இல் நடந்த வழக்கு புரிய வேண்டுமானால், முதலில் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சஸ்காட்செவனின் தலைநகரான ரெஜைனாவுக்குக் கிழக்கே சுமார் 85 கிலோமீட்டரில் இருக்கிறது சின்டலூட்டா. இன்று அங்கே நூறு பேர் சொச்சம்தான். செந்நரியின் வால் என்று பொருள்படும் பழங்குடிச் சொல்தான் ஊரின் பெயர். கனடியன் பசிபிக் ரயில்பாதை இந்தப் பக்கம் வந்தது 1882இல். சஸ்காட்செவன் மாகாணம் பிறந்ததே 1905இல்தான். வழக்கு நடந்தபோது இது வடமேற்குப் பிரதேசம். ஊருக்குத் தெற்கே கேரி த கெட்டில் நகோடா மக்களின் ஒதுக்கு நிலம். மேற்கே நெடுந்தொலைவில் உள்ள சைப்ரஸ் மலைப் பகுதியிலிருந்து, அவர்கள் விருப்பத்துக்கு மாறாக 1880களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். குடியேறிகளின் வரலாறாக மட்டும் எழுதப்படும் ஊர்க்கதைகளில் இந்த வரி பெரும்பாலும் காணாமல் போகும்.

நிலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி அளந்து வைத்திருந்தார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதில் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள். 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டி, மூன்று வருடம் குடியிருந்து உழுது காட்டினால் கால் செக்‌ஷன், அதாவது 160 ஏக்கர், சொந்தமாகும். முக்கியப் பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்கள் பெரும்பாலும் ரயில் கம்பெனிக்கு. 11உம் 29உம் பள்ளி நிதிக்கு. நிலத்தில் கிட்டத்தட்டப் பாதியும், விளைச்சலை வெளியே கொண்டுபோக இருந்த ஒரே வழியும் ஒரே கம்பெனியின் கையில்.

அடுத்து எலிவேட்டர். தானியத்தை வாங்கிச் சேமித்து ரயிலில் ஏற்ற, எட்டு, பத்து மைலுக்கு ஒன்றாக ரயில்பாதையோரம் நின்ற மரக் கோபுரங்கள் இவை. ஊர்களும் அந்த இடைவெளியில்தான் முளைத்தன. குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமே. சுவரைச் சாதாரண மரவீடு மாதிரித் தூண் நட்டுப் பலகை அடித்துக் கட்ட முடியாது. தானியம் பக்கவாட்டில் தள்ளும் தள்ளலில் வெடித்துவிடும். அதனால் இரண்டு அங்குலப் பலகைகளைப் படுக்கை வசமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அறைவார்கள். அழுத்தம் அதிகமான அடிப்பகுதியில் அகலப் பலகை, மேலே போகப்போகக் குறுகல். உள்ளே குதிர் குதிராகத் தடுப்பு.

வண்டி எடைமேடையில் ஏறும். கோதுமையைத் தரைக்கு அடியிலுள்ள குழியில் கொட்டுவார்கள். அங்கிருந்து இரும்புக் கிண்ணங்கள் பொருத்திய பெல்ட் அதை உச்சிவரை அள்ளிக்கொண்டு போகும். உச்சியிலுள்ள குழாயைத் திருப்பி எந்தக் குதிரில் வேண்டுமோ அதில் விடலாம். குழியின் கதவை அவசரப்பட்டு அகலத் திறந்தால் அடிப்பெட்டி அடைத்துக்கொள்ளும். பெல்ட் நின்றுவிடும், மேலே உருளை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த உராய்வுச் சூடும் தானியத் தூசியும் சேர்ந்தால் கட்டடமே போச்சு. எஞ்சினைத் தனிக் கொட்டகையில் வைத்ததும் தீக்குப் பயந்துதான். ஈரக் கோதுமை வந்தால் இன்னொரு தலைவலி: குவியலுக்குள் தானாகச் சூடேறும். அதை ஒரு குதிரிலிருந்து இறக்கி, பெல்ட்டில் ஏற்றி, வேறு குதிருக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செங்கோதுமைக்கு இப்போதைய கணக்கில் 14.5 சதவீத ஈரம்தான் எல்லை.

இயந்திரம் நல்ல இயந்திரம்தான். வில்லங்கம் அதன் அடியில் உட்கார்ந்து கோதுமை வாங்கிய எலிவேட்டர் ஏஜென்டிடம். எடை அவன் சொல்வது, தரம் அவன் சொல்வது, மண்ணுக்கும் களை விதைக்கும் கழிவு அவன் பிடிப்பது. புஷலுக்கு 3 பவுண்டு கழிவு என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். 1,000 புஷலில் அது 50 புஷல், கிட்டத்தட்ட ஒரு வண்டிப் பாரம். தரத்தில் ஒரு படி இறக்கினால் அது தனி நஷ்டம். ‘வேண்டாம், திருப்பிக் கொண்டுபோகிறேன்’ என்று சொல்ல யாரால் முடியும்? பத்து மைல் திரும்ப வேண்டும், பனி வேறு.

தப்பிக்க ஒரே வழி, சொந்தமாக ஒரு வேகன் பிடிப்பது. ஏற்றுமேடையில் வண்டியை வேகன் கதவை ஒட்டி நிறுத்தி, அகப்பை மண்வெட்டியால் நேரே உள்ளே தள்ளலாம். அதற்குமுன் வேகனைத் தயார் செய்ய வேண்டும்: கதவு வாயில் உள்பக்கமாகப் பலகைகளைக் குறுக்கே அடித்து, மேலே மட்டும் இடைவெளி விட்டு, சந்துகளைக் காகிதமோ சாக்குத் துணியோ வைத்து அடைக்க வேண்டும். ஒரு விரல் சந்தை விட்டாலும் போகிற வழியெல்லாம் கோதுமை சிந்தும். அப்படி அனுப்பிய சரக்குக்கு, மனிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக்கில் அரசு ஆய்வாளர் குத்தூசி போட்டு மாதிரி எடுத்துத் தரம் சொல்வார். உள்ளூர் ஏஜென்டின் கண்மதிப்பு அங்கே செல்லாது.

ரயில் கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. 25,000 புஷல் கொள்ளும் எலிவேட்டர் ஒன்றை ஓர் ஊரில் யாராவது கட்டினால், அந்த ஊரில் வேறு வழியாகச் சரக்கு ஏற்ற விடமாட்டோம் என்பது அவர்களது பழைய ஏற்பாடு. வண்டியிலிருந்து மண்வெட்டியால் ஏற்றினால் வேகன் நேரத்துக்குத் திரும்பாது என்பது அவர்கள் வாதம். பதினேழு நடைக் கணக்கைப் பார்த்தால் அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 1900இல் வந்த மனிடோபா தானியச் சட்டம் (பெயர் அப்படியானாலும் இந்தப் பிரதேசத்துக்கும் பொருந்தியது) விவசாயிக்கு ஏற்றுமேடை உரிமையைக் கொடுத்தது. வேகனை யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்பதைக் கறாராகச் சொல்லாமல் விட்டுவிட்டது.

1901இல் அமோக விளைச்சல். கோதுமைக் கப்பல்கள் போகும் பெரிய ஏரிகள் உறைவதற்குள் சரக்கை இழுத்து முடிக்க ரயிலால் ஆகவில்லை. இருந்த வேகன்கள் எலிவேட்டர்களுக்கே போயின. அந்த டிசம்பர் 18 அன்று பக்கத்து ஊரான இந்தியன் ஹெட்டில் விவசாயிகள் கூடிப் பிரதேச தானிய உற்பத்தியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அபர்நெத்தியைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். மதர்வெல் தலைவர். 1902இல் சட்டம் திருத்தப்பட்டது. ஸ்டேஷனில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். கேட்டவர் பெயரைக் கேட்ட வரிசையில் எழுத வேண்டும். வேகனும் அதே வரிசையில் போக வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்திலேயே சின்டலூட்டா ஸ்டேஷன் ஏஜென்ட் வரிசையை மீறினார் என்று சங்கம் வழக்குப் போட்டது. உள்ளூர் மாஜிஸ்திரேட் மன்றம் 50 டாலர் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தும் தீர்ப்பு நின்றது. தொகை ரயில் கம்பெனிக்குக் கொசுக்கடி. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊர் ஸ்டேஷனிலும் அந்தப் பதிவேட்டை வெறும் நோட்டுப் புத்தகமாக நினைக்க முடியவில்லை.

வேகன் கிடைத்தது; விலை இன்னும் வினிபெக் தானியச் சந்தையின் கையில். அதைக் கூர்ந்து பார்த்துவர 1905இல் உள்ளூர் விவசாயி ஈ. ஏ. பார்ட்ரிட்ஜை அனுப்பினார்கள் சின்டலூட்டாக்காரர்கள். அவர் திரும்பி வந்து சொன்ன யோசனை: நாமே ஒரு வியாபாரக் கம்பெனி தொடங்குவோம். 1906இல் பங்கு ஒன்று 25 டாலர் என்று கிரெயின் குரோவர்ஸ் கிரெயின் கம்பெனி உருவானது. சந்தையில் ஓர் உறுப்பினர் இடமும் வாங்கியது. லாபத்தைச் சரக்கு கொடுத்த விவசாயிகளுக்கே பிரித்துக் கொடுப்போம் என்று அறிவித்ததும், விதிமீறல் என்று அந்த வருடமே சந்தை அவர்களை வெளியேற்றியது. 1907இல் மறுபடி சேர்த்துக்கொண்டது. 1917இல் இன்னொரு விவசாயிகள் கம்பெனியோடு இணைந்து யுனைடெட் கிரெயின் குரோவர்ஸ் ஆனது.

1933 வாக்கில் மேற்குக் கனடாவில் 5,700க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் நின்றன. லாரி வந்தபின் பத்து மைல் இடைவெளிக்கு அர்த்தம் இல்லாமல் போனது. தானியத்துக்கு 1897இல் தொடங்கிய ரயில் கட்டணச் சலுகையின் கடைசி எச்சமும் 1995இல் முடிந்தது. கிளைப் பாதைகள் பல மூடப்பட்டன, மரக் கோபுரங்கள் இடிக்கப்பட்டன. இப்போது நூறு வேகன்களை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் டெர்மினல்களுக்கு லாரிகள் நேராகப் போய்விடுகின்றன. ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் எழுதி ஒற்றை வேகனுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது.