மானிட்டரின் டரெட்: எட்டு அடுக்கும் வட்டமாக வந்துவிட்டது

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பலான யுஎஸ்எஸ் மானிட்டரின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அதன் டரெட், அதாவது சுழலும் பீரங்கிக் கோபுரம், கூடி வந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டத்தை நான்கு பக்கமும் அளந்தேன். எல்லாப் பக்கமும் 65.2 மி.மீ.! முன்பு செய்த இரண்டும் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டன.

1:100 அளவை எடுத்ததே இதற்காகத்தான். யுஎஸ்எஸ் மானிட்டரின் டரெட் சுவர், ஓர் அங்குல இரும்புத் தகடு எட்டு அடுக்கு. நூறில் ஒரு பங்கு என்றால் அடுக்குக்குக் கால் மி.மீ. அதே கனத்தில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தாள் கிடைக்கும்போது குழாயை வெட்டி வைக்க மனம் வரவில்லை.

முதல் தடவை இணைப்புகளெல்லாம் ஒரே பக்கம் விழுந்து அங்கே புடைத்துக்கொண்டது. அசலில் இருப்பது போல அடுக்குக்கு அடுக்கு தள்ளி வைக்க வேண்டும். இரண்டாவதில் பசை அதிகமாகி உள் அடுக்குகள் இளகிவிட்டன. இந்த முறை கடைசல் பட்டறையில் 61 மி.மீ. உருளைக் கட்டை கடைந்து வாங்கினேன். தாளை அதில் சுற்றி, நாடாவால் கட்டி, வெந்நீரில் முக்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். வளைவு அப்படியே நின்றது. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட 1.6 மி.மீ. நீளம் என்று கணக்கு சொல்லும். அதை நம்பி வெட்டாதீர்கள். பசையும் இடம் பிடிக்கும். சுற்றிப் பார்த்து வெட்டுவதே சரி.

அடுத்தது குண்டு பட்ட பள்ளங்கள். 1862 ஜூலையில் எடுத்த படங்களில் பீரங்கித் துளைகளுக்குப் பக்கத்தில் அவை தெளிவாகத் தெரிகின்றன. அந்த ஆண்டு மார்ச் 8 அன்று வர்ஜீனியா மாநிலக் கடலோரத்தில் உள்ள ஹாம்ப்டன் ரோட்ஸில், தெற்குத் தரப்பின் இரும்புக் கவசக் கப்பலான சிஎஸ்எஸ் வர்ஜீனியா, வடக்குத் தரப்பின் கம்பர்லேண்ட் கப்பலை இடித்து மூழ்கடித்தது, காங்கிரஸ் கப்பலை எரித்தது. இரண்டும் மரக்கப்பல்கள். மறுநாள் அதே வர்ஜீனியா மணிக்கணக்கில் கிட்ட நின்று சுட்டும் இந்தச் சுவரில் பள்ளம் மட்டும்தான் விழுந்தது. மானிட்டரில் இரண்டே பீரங்கிதான், ஆனால் டரெட் சுழல்வதால் கப்பலைத் திருப்பாமலே ஏறக்குறைய எந்தப் பக்கமும் குறி வைக்கலாம். அந்தச் சண்டையின் தழும்புகள் என்பதால் பள்ளங்களைத் தோராயமாகப் போட எனக்கு விருப்பமில்லை. வர்ஜீனியாவின் 9 அங்குலக் குண்டு இந்த அளவில் 2.3 மி.மீ. வரும். 2 மி.மீ. பேரிங் குண்டைச் சூடாக்கி, வீணான இரண்டாவது டரெட்டில் அழுத்திப் பழகிக்கொண்டிருக்கிறேன். சூடு கொஞ்சம் கூடினாலும் ஓட்டை விழுகிறது.

டரெட்டைச் சுழற்ற ஒரு சின்ன கியர் மோட்டாரும் வாங்கி வைத்திருக்கிறேன். அசலில் நீராவியில் சுழன்றதை நினைத்த இடத்தில் நிறுத்துவது பெரும்பாடு, சுழலும்போதே சுட்டார்கள். மோட்டாரில் அந்த மெதுவான ஓட்டம் வர வேண்டும். அப்புறம் வர்ஜீனியாவையும் இதே அளவில் செய்யப்போகிறேன், அதன் 36 பாகைச் சரிவுச் சுவருக்கு அட்டை வெட்டியாகிவிட்டது. மானிட்டரின் மேல்தளத்தில் இன்னும் ஒரு தகடுகூட ஒட்டவில்லை.