ஜெபக்கடிதத்தில் எழுதாதவை

மிஷனரிகளான நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஜெபக்கடிதம் அனுப்ப வேண்டும். எங்களைத் தாங்குகிற குடும்பங்களும் சபைகளும் அதற்காகக் காத்திருக்கும். ஒரு பக்கம் எழுத்து, இரண்டு படம், ஸ்தோத்திர விண்ணப்பம் ஐந்து, ஜெப விண்ணப்பம் ஐந்து. பத்து வருடத்தில் நாற்பது கடிதமாவது எழுதியிருப்பேன். ஒன்றில்கூடப் பொய் எழுதவில்லை. ஆனாலும் இப்போது எடுத்து வாசித்தால், நாங்கள் அங்கே வாழ்ந்த வாழ்க்கை அவற்றில் காணோம்.

2014 ஜனவரியில் மலாவி நாட்டின் தென்கோடியில், முலாஞ்சே மலையடிவாரத்தில் இருந்த ஒரு திருச்சபை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் பிரசவ வார்டு நர்ஸ். என் கணவர் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். மூத்தவனுக்கு அப்போது மூன்று வயது. சின்னவள் பிறந்ததே அங்கேதான். சமவெளியிலிருந்து சுவர் எழுப்பினதுபோல் நிற்கும் பாறை மலை அது. அதன் சபித்வா சிகரம் 3,002 மீட்டர். கீழே கண்ணுக்கெட்டியவரை தேயிலை. "நம்ம மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு வந்த மாதிரில்லா இருக்கு" என்றார் இவர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மொசாம்பிக் பக்கமிருந்து சிப்பெரோனி என்கிற குளிர்ந்த மூடுபனித் தூறல் வந்து இறங்கும். நாள்கணக்கில் துணி காயாது.

அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர் "ஓடினி" என்றால் வரலாம் என்று அர்த்தம். நேரம் காலம் கிடையாது. நைட் டியூட்டி முடித்து வந்து கண்ணயரும்போது ஓடி, பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது ஓடி, ராத்திரி கரண்ட் போய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போதும் ஓடி. முதல் வருடம் எனக்கு இது பெரிய பாரமாக இருந்தது. பகலிலும் கதவைச் சாத்தி வைத்தேன். பக்கத்து வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அகோகோ, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "மகளே, உன் வீட்டில் ஏதாவது துக்கமா? கதவு சாத்தியே இருக்கிறதே." அன்றைக்குத் திறந்த கதவை அதற்கப்புறம் ராத்திரி தூங்கும்போது மட்டும்தான் சாத்தினோம்.

என் பாட்டி திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்து ஊர்க்காரி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். "மிஷனரி அரிசி" என்று பேர். மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிக்காரர்கள் 1903இலேயே தங்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார்கள் என்பதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அதைத் தொடங்குவதில் முன்நின்ற அசரியா ஐயா 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துப் பேசியது எங்கள் வீட்டில் கதைபோலச் சொல்லப்படும். நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ கொடுத்தீர்கள், பாடுபட்டீர்கள், எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டாராம். சின்ன வயதில் அது வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். முலாஞ்சேயில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த அந்த முதல் வருடத்தில்தான் அது எனக்கும் சொன்னது என்று உறைத்தது. அங்கே பெண்கள் ஞாயிற்றுக்கிழமை தலையில் பேசின் நிறைய மக்காச்சோளம் சுமந்து கொண்டுவந்து காணிக்கை வைப்பார்கள். அடுத்த அறுவடைக்கு மூன்று மாதம் இருக்கும், வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பெரியும், அப்போதும் கொண்டுவருவார்கள். பாட்டியின் பானை எனக்கு ஞாபகம் வரும். பாட்டி கொடுத்த அரிசியில் வந்தவள் நான் என்பதும்.

சாப்பாட்டில் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம். மக்காச்சோள மாவில் கிண்டும் நிசிமா நம் களியேதான். கையால் உருட்டி, நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த பூசணி இலையைத் தொட்டுக்கொண்டால் வேறொன்றும் வேண்டாம். துவரைக்கு அங்கே நண்டோலோ என்று பேர். வயல் வயலாக விளையும். அதை முழுசாக அவித்து உண்பார்கள். நான் அதை உடைத்து சாம்பார் வைத்ததை அக்கம்பக்கம் முழுக்க வந்து ருசி பார்த்தது. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு வரம்பு வைத்தது. மலாவியின் துவரைக்குப் பெரிய சந்தை இந்தியாதான். விலை விழுந்து, பள்ளிக்கூடப் பணத்துக்கு அந்த மூட்டைகளை நம்பியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். "உங்கள் ஊரில் இப்போது நண்டோலோ சாப்பிடுவதில்லையா?" என்று அகோகோவின் மருமகன் கேட்டார். குற்றம்சாட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் காலாண்டுக் கடிதத்தில் துவரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

வார்டைப் பற்றி நிறைய எழுதினேன், ஆனால் பிழைத்தவர்களைப் பற்றி மட்டும். காலையில் வேலை தொடங்குமுன் ஊழியர்களும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்த கார்டியன்களும் கூடிப் பாடி ஜெபிப்போம். தாளம் போட ஒரு வாத்தியமும் வேண்டாம். நாலு குரலில் பாட்டு தானாகப் பிரிந்துகொள்ளும். அதன்பின் ஓட்டம். குறைமாதப் பிரசவம் உலகிலேயே அதிகமுள்ள நாடுகளில் மலாவியும் ஒன்று. ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோ பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து சிதெஞ்சே துணியால் கட்டிவிடுவோம். தாயின் உடம்புச் சூடுதான் இன்குபேட்டர். ஒருமுறை தாய்க்கு வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடந்தாள். அவளைப் பெற்றவள் தன் ரவிக்கையை அவிழ்த்து, பேத்தியைத் தன் நெஞ்சில் கட்டச் சொல்லி, ஒன்பது நாள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அந்தக் குழந்தை பிழைத்தது, கடிதத்திலும் வந்தது. அதே வாரம் நடுராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் கிளம்பாமல், ஆக்ஸிஜன் கருவி நின்று, என் கையிலேயே போன பிள்ளையை நான் எழுதவில்லை. இவர் ஜெனரேட்டர் அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து யாரும் யாரோடும் பேசவில்லை. அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் என் வாயில் வார்த்தை வரவில்லை. நாலு வயது மகள் அந்த ஊர் மொழியான சிச்சேவாவில் ஜெபித்து முடித்தாள்.

பிள்ளைகளுக்கு ஜெபம் சிச்சேவாவில்தான் வந்தது. போனில் மாமியார், "தமிழ்ல ஒரு வசனம் சொல்லு கண்ணு" என்பார்கள். மகன் சொல்லிவிடுவான், அவள் நெளிவாள். எனக்கும் மனதுக்குள் கஷ்டம்தான். ஆனால் பயந்து எழுந்த ராத்திரி அவள் "அம்புயே" என்று ஆண்டவரைக் கூப்பிட்டதைக் கேட்டபின், அவளை நான் திருத்தவில்லை. பயத்தில் வருகிற மொழியை மாற்றச் சொல்ல யாருக்கு உரிமை?

2019 ஜூலை. சிப்பெரோனி ஒரு வாரமாக விடவில்லை. தம்பி போன் பண்ணினான். "அக்கா, அப்பா போயிட்டாங்கக்கா." பிளாண்டயரிலிருந்து விமானம் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி, ஊர் போய்ச் சேர மூன்று நாளாவது ஆகும். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் அடக்கம். எங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டரை, ஊரில் மாலை நான்கு. வாட்ஸ்அப்பில் போதகர் ஜெபத்தைத் தொடங்கும்வரை தெரிந்தது. குழிக்குள் இறக்கும்போது படம் உறைந்து நின்றது.

அதற்குள் வாசலில் "ஓடி". முதலில் அகோகோ, பின்னால் சபைப் பெண்கள், வார்டு நர்சுகள், துப்புரவு வேலை செய்கிற அக்கா. மலாவியில் சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது பெரிய தப்பு, வேலையெல்லாம் நின்றுவிடும். ஆனால் என் வீட்டில் பிணம் இல்லை, இறந்தவரை அவர்களில் ஒருவரும் பார்த்ததுமில்லை. இருந்தும் நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் அடுப்பைப் பற்றவைத்து நிசிமா கிண்டினாள். ஒருத்தி பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். ஆண்கள் வெளியே விறகு போட்டுத் தீ மூட்டி, இவரோடு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து "பெப்பானி" என்றார்கள். வழியில் ஒருவர் கல் தட்டித் தடுமாறினாலும் பார்க்கிறவர் பெப்பானி என்பார். மன்னிப்புக் கேட்கவும் அதுதான், துக்கம் விசாரிக்கவும் அதுதான். உனக்கு நேர்ந்தது எனக்கும் வலிக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். அன்று ராத்திரி எங்கள் முன்னறையில் பதினோரு பெண்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். இருட்டில் ஒருத்தி மெல்லப் பாட எடுப்பாள், மற்றவர்கள் சேர்வார்கள், அடங்கும், மறுபடி ஒருத்தி எடுப்பாள். விடியும்வரை அப்படியே. எங்கள் அப்பாவுக்காக ஊரில் அழுதவர்களைவிட அங்கே பாடியவர்கள் குறைந்தவர்கள் இல்லை.

ஜெபக்கடிதத்தில், "தகப்பனாரின் மறைவில் தேவன் எங்களைத் தேற்றினார்" என்று எழுதினேன். தேற்றினவர்களின் கையும் பாயும் விறகும் அந்த வரியில் இல்லை.

மூத்தவனை 2022 ஜூனில் ஊருக்கு அனுப்பி ஹாஸ்டலில் சேர்த்தோம். பதினொரு வயது. மிஷனரி பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். கூட்டங்களில் இதைத் தியாகம் என்று சாட்சி சொல்லும்போது கைதட்டல் வரும். நானும் ஒருமுறை அப்படிப் பேசியிருக்கிறேன். இன்று அதில் எனக்கு உடன்பாடில்லை. தியாகம் பண்ணினது நாங்கள் இல்லை. பதினொரு வயதுப் பையன். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

2023 மார்ச் 12. ஆஸ்திரேலியாப் பக்கம் உருவாகி ஐந்து வாரமாகக் கடலில் அலைந்த ஃப்ரெடி புயல், மொசாம்பிக்கை இரண்டாம் முறை தாக்கிவிட்டு எங்கள்மேல் வந்து நின்றது. மலையிலிருந்து சேறும் பாறையும் மரமும் இறங்கின. மலாவி முழுக்க இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் சேர்ந்து 1,000க்கு மேல். ஏற்கெனவே காலரா பரவிக்கொண்டிருந்த வருடம் அது. பாலங்கள் போய், கரண்ட் போய், போன் கோபுரமும் போனது. நானும் இவரும் மருத்துவமனையிலேயே கிடந்தோம். சின்னவளை அகோகோ வைத்திருந்தார். நாலாம் நாள் சிக்னல் வந்தபோது ஹாஸ்டலுக்குத்தான் முதலில் பேசினேன். யாரோ செய்தியைக் காட்டியிருக்கிறார்கள். மூன்று நாளாக நாங்கள் செத்துப்போனோம் என்றே பிள்ளை நினைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், கிளாசுக்குப் போய் வந்திருக்கிறான். "அம்மா" என்று சொன்னான், அதற்குமேல் பேசவில்லை.

மே மாதம் இவர் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருந்த ஒரு சின்னத் தனியார் பள்ளியில் சேர்த்தோம். பள்ளிக்கூடப் பணம் எங்களுக்கு அதிகம்தான், சமாளித்தோம். வந்த அன்று விமான நிலையத்திலிருந்து வீடுவரை அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தை. சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போது வாசலில் குரல் கேட்டது. நான் வாய்திறக்குமுன் அவனே "ஓடினி" என்றான். அகோகோ உள்ளே வந்தார். முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "பெப்பானி, மகனே, பெப்பானி" என்றார். அப்போதுதான் அவன் அழுதான்.