மேகம் கடக்கும் நேரத்து இலை

இந்த நாட்டுக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு டிசம்பர் மாதத்தில். காலையில் ஆய்வகத்துக்குள் நுழையும்போதும் இருட்டு; மாலையில் வெளியே வரும்போதும் இருட்டு. பகல் என்று ஒன்று இருந்ததைச் சன்னல் வழியாக இரண்டொரு முறை பார்த்ததோடு சரி. வெளிச்சம் என்பது எப்போதும் இருப்பது, அதைக் கவனிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணத்திலேயே அதுவரை வளர்ந்திருந்த எனக்கு, அந்த முதல் குளிர்காலத்தில் வெளிச்சம் அளந்து பார்க்க வேண்டிய பொருளாயிற்று. உண்மையில் அதை அளப்பதுதான் என் வேலையும். இலைக்குள் ஒரு புரதம் மாறினால் ஒளிச்சேர்க்கைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே என்னை அழைத்திருந்தார்கள்.

எங்கள் செடி அராபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சிறு செடி. தாவரங்களிலேயே முதன்முதலாக, 2000ஆம் ஆண்டில், மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்ட செடி இது. ஐந்தே குரோமோசோம்கள், ஏறத்தாழ ஆறு வாரங்களில் விதையிலிருந்து விதை வரை வந்துவிடும். விதையோ தூசி போன்றது. ஈரப்படுத்திய பல்குச்சியின் நுனியில் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து மண்ணின் மேல் வைக்க வேண்டும். மூச்சைச் சற்று அழுத்தி விட்டால் பாதி காணாமற்போகும். வைத்த தட்டை மூன்று நாள் 4 பாகைக் குளிரில் வைத்திருந்து, பிறகு வளர்ப்பறைக்கு மாற்றினால் எல்லா விதைகளும் ஏறக்குறைய ஒரே நாளில் முளைக்கும். முதல் வாரத்தில் என் கைகள் நடுங்கின. பக்கத்து மேசையில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் என் விளக்கை எடுத்து இடப்பக்கம் வைத்தார். என் கையின் நிழல் தட்டின் மேல் விழுவது அப்போதுதான் நின்றது.

அவரும் தமிழர் என்பது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது. நான் 'ஒளிச்சேர்க்கை' என்றேன். அவர் 'ஒளித்தொகுப்பு' என்றார். மரபணுவில் நேரும் மாற்றத்தை நான் 'சடுதிமாற்றம்' என்றதை அவர் 'விகாரம்' என்று படித்திருந்தார். பள்ளிப் பாடநூல்கள் வேறு, சொற்கள் வேறு. ஆனால் இலையின் ஒரு படத்தை நடுவில் வைத்ததும் இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. ஒளியைப் பற்றிய என் கேள்விகளை நான் தமிழிலேயே யோசிக்கிறேன் என்பதும், அப்படி யோசிக்கும்போதுதான் அவை தெளிவாகின்றன என்பதும் அவரோடு பேசப் பேசத்தான் எனக்குப் புரிந்தது.

எனக்குக் கொடுக்கப்பட்ட செடியின் பெயர் என்பிக்யூ4. பிஎஸ்பிஎஸ் என்ற புரதத்தை உருவாக்க முடியாத செடி அது. 2000ஆம் ஆண்டில் தாவர ஆய்வாளர் கிருஷ்ண நியோகியின் குழுவினர்தாம் இந்தக் குறையையும் அந்தப் புரதத்தின் மரபணுவையும் இணைத்துக் காட்டினார்கள். நான் நான்கு வாரம் வளர்த்துப் பார்த்தேன். இயல்புச் செடிக்கும் இதற்கும் இலையின் நிறத்தில் வேறுபாடு இல்லை, அளவில் இல்லை, இலைகளின் எண்ணிக்கையிலும் இல்லை. ஒளிச்சேர்க்கைக்குரிய புரதம் ஒன்று முற்றிலும் இல்லாத செடி வெளிறியோ குறுகியோ நிற்கும் என்று எதிர்பார்த்திருந்த நான், விதைகளைக் கலந்துவிட்டேனோ என்று அஞ்சி இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில் இதை யாரிடம் சொல்வது?

அளவிடும் கருவியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. செடியை இருபது நிமிடம் இருட்டில் வைத்தோம். பிறகு நொடிப்பொழுது கண்கூசும் ஒளியைப் பாய்ச்சி, பச்சையம் திருப்பி உமிழும் மங்கலான செவ்வொளியைக் கேமராவில் பிடித்தோம். அதிலிருந்து, இலை ஒளியை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்த முடியும் என்று காட்டும் ஓர் எண்ணைக் கணக்கிடுவோம்; நலமான இலையில் அது 0.83க்கு அருகில் வரும். இரு செடிகளிலும் அப்படியே வந்தது. அடுத்து வலுவான ஒளியைத் தொடர்ந்து காட்டினோம். ஓரிரு நிமிடங்களில் இயல்புச் செடியின் இலைகள் திரையில் மங்கின. என்பிக்யூ4 செடியின் இலைகள் மட்டும் பளிச்சென்று நின்றன. விதைகள் கலக்கவில்லை.

அந்த மங்கலுக்குள் நடப்பது இதுதான். இலை பயன்படுத்தக்கூடியதைவிட அதிக ஒளி வந்து விழும்போது, பச்சையம் தங்கும் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலக்காய்டு பைகளின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. பிஎஸ்பிஎஸ் புரதம் அந்த அமிலத்தை உணர்ந்து, மிகை ஆற்றலை வெப்பமாக வெளியேற்றும் வழியைத் திறந்துவிடுகிறது; அதனால் செவ்வொளியாகத் திரும்புவது குறைகிறது. அவ்வாறு வெப்பமாக வெளியேறாத ஆற்றல், ஒளியைப் பிடிக்கும் 'ஒளித்தொகுதி-2' என்ற அமைப்பின் புரதங்களைச் சிதைக்கும். உணர்வது எப்படி என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. புரதச் சங்கிலியில் 122ஆவது இடத்திலும் 226ஆவது இடத்திலும் உள்ள குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு, அமிலத்தன்மையைத் தரும் புரோட்டானை ஏற்றுக்கொள்கின்றன. அவ்விரண்டையும் குளுட்டமின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றிவிட்டால் புரதம் இருக்கும். வேலை மட்டும் நடக்காது. இருநூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் இரண்டே இரண்டு!

டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியதே போதுமான கதையும் உண்டு. அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு அடங்காத களைகள் 1970ஆம் ஆண்டு முதல் பதிவாகின. அவற்றுள் பலவற்றில் காரணம் ஒளித்தொகுதி-2இல் உள்ள டி1 என்ற புரதத்தின் 264ஆவது இடத்தில் இருந்த செரின் என்ற அமினோ அமிலம் கிளைசினாக மாறியிருந்ததுதான், டி.என்.ஏ.வில் ஏஜிடி என்பது ஜிஜிடி ஆகிவிட்ட அந்த ஒற்றை மாற்றத்தால் நஞ்சு ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. ஆனால் அதே இடத்தின் வழியாகத்தான் எலக்ட்ரானும் கைமாற வேண்டும்; அந்தக் கைமாற்றம் தளர்ந்தது. நஞ்சு தெளிக்காத நிலத்தில் அக்களைகள் பெரும்பாலும் பிற செடிகளுக்குப் பின்தங்கின. அந்த மரபணு பசுங்கணிகத்திலேயே இருப்பதால் இக்குணம் தாய்ச்செடி வழியாக மட்டுமே இறங்கும்.

என் செடிக்கு வருகிறேன். ஏப்ரலில் பனி விலகியதும் குழுத் தலைவர் தட்டுகளை வளர்ப்பறையிலிருந்து பசுமைக்குடிலுக்கு மாற்றச் சொன்னார். அறைக்குள் இருந்த ஒளி முழு வெயிலின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காலை முதல் மாலை வரை அசையாத ஒளி. குடிலிலோ மேகம் வரும், விலகும், மீண்டும் வரும். ஒளிமானியை இலையருகே வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு மேகம் கடப்பதற்குள் எண் பல மடங்கு ஏறி இறங்கியது. கண்ணுக்கு அது சற்றே மங்கி மீள்வதாகத்தான் தெரிகிறது. இலைக்கு அது வெள்ளமும் வறட்சியும். விதை முற்றியபோது எண்ணிப் பார்த்தோம்: என்பிக்யூ4 செடிகளில் காய் குறைவு. ஸ்வீடனின் உமேயோவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு காட்டியதும் இதையே: அசையாத ஒளியில் குறை தெரியவில்லை, மாறும் ஒளியில் விதை குறைந்தது. அதைப் படித்தபின்தான் வந்தேன். ஆனாலும் என் கையால் எண்ணும்வரை அது எனக்கு ஒரு வரியாகவே இருந்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நிழல் வந்த பிறகும் அந்த வெப்ப வழி உடனே மூடிக்கொள்வதில்லை. சில நிமிடங்கள் திறந்தே இருப்பதால், குறைவாகக் கிடைக்கும் ஒளியும் வீணாகிறது. அதை விரைவாக மூடச் செய்யலாம் என்று எண்ணி, பிஎஸ்பிஎஸ் உட்பட மூன்று புரதங்களைப் புகையிலையில் கூட்டிய ஆய்வு 2016இல் வெளியானது. வயலில் செடியின் எடை ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியது. 2020இல் அதே மூன்றையும் அராபிடாப்சிஸில் கூட்டிப் பார்த்தபோது வளர்ச்சி குறைந்தது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டிப் பேசுவோரைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்தச் செடி, எந்த ஒளி என்று சொல்லாமல் ஒரு மாற்றத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது என்பதே இங்கு வந்து நான் கற்றவற்றுள் முதன்மையானது.

இப்போது இரண்டாவது குளிர்காலம். குறிப்பேட்டில் செடியின் பெயருக்கு முன்பாக ஒளியின் அளவை எழுதுகிறேன். பக்கத்து மேசை நண்பர் அதே பக்கத்தில் 'விகாரம்' என்று எழுதுகிறார், நான் திருத்துவதில்லை. இரண்டு குளுட்டாமிக் அமிலங்களில் ஒன்றை மட்டும் மாற்றிய செடிகள் சென்ற வாரம் அளவிடும் பருவத்துக்கு வளர்ந்துவிட்டன. 122ஆவது இடம் மாறிய செடியில் திரை பாதியளவு மங்கியது. 226ஆவது இடம் மாறியது இருட்டில் இருக்கிறது. இன்னும் எட்டு நிமிடம்.