பிராசசர் நூறைத் தொடுது: மே மாச டைரி

மே 6, 2024, திங்கள்

கத்திரி ஆரம்பிச்சு மூணாவது நாள், வேலூர்ல காலைல பத்து மணிக்கே வெளிய தலை காட்ட முடியல, இதுல நம்ம எடிட்டிங் கம்ப்யூட்டரும் சேர்ந்துகிச்சு. ரிசப்ஷன் வீடியோ ஒண்ணு எக்ஸ்போர்ட் போட்டுட்டு சாப்பிடப் போனேன், வழக்கமா இருபது நிமிஷத்துல முடியுற சைஸ்தான், சாப்பிட்டு ஒரு போன் பேசிட்டு வந்து பாத்தா பாதி கூட தாண்டல. ஃபேன் சத்தம் மட்டும் ஹால் வரைக்கும் கேக்குது. அம்மா வந்து "மிக்சிய போட்டுட்டு மறந்துட்டியாடா"ன்னு கேட்டாங்க.

கம்ப்யூட்டரோட சூடு, ஸ்பீடு எல்லாம் காட்டுற ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரை ஓபன் பண்ணேன். பிராசசரோட ஆறு கோரும் 99, 100, 99 டிகிரி. தெர்மல் த்ராட்லிங்ங்கற வரில எஸ்னு காட்டுது. மிஷின் இன்டெல் ஐ5 10400, 2020ல வந்த மாடல், பாக்ஸோட வந்த ஸ்டாக் கூலர்தான் இன்னும் ஓடுது. இந்த சிப்புக்கு 100 டிகிரிதான் எல்லைக்கோடு, அதைத் தொட்டா தானே ஸ்பீடைக் குறைச்சுக்கும், அதுக்குப் பேருதான் த்ராட்லிங். எல்லா கோரும் ஓடுறப்ப 4 கிகாஹெர்ட்ஸ்ல நிக்கணும், இப்ப 2.2ல நொண்டிகிட்டு இருக்கு. எக்ஸ்போர்ட் லேட்டாகுறதுக்கு காரணம் இதுதான், சாஃப்ட்வேரும் இல்ல ஹார்ட் டிஸ்க்கும் இல்ல.

வைகாசி முகூர்த்தம் எல்லாம் வரிசையா நிக்குது. இப்பவா படுக்கணும்.

மே 7, செவ்வாய்

மச்சான் வந்தான். வந்த உடனே அவன் போன்ல பாத்த ஞானம் எல்லாம் கொட்ட ஆரம்பிச்சான், லிக்விட் கூலர் போடு, ரூமுக்கு ஏசி போடு, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்தத் தடவுற பேஸ்ட்டுக்கு பதிலா டூத்பேஸ்ட் தடவினா கூட வேலை செய்யுமாம். டூத்பேஸ்ட் ஒரு நாள் ரெண்டு நாள் வேலை செய்யும்தான், அப்புறம் அதுல இருக்கற தண்ணி காஞ்சு சுண்ணாம்பா உக்காந்துரும், நம்ம வேலைக்கு அதெல்லாம் ஆகாது. அவனே வேற ஒரு சாஃப்ட்வேரப் போட்டு பாத்துட்டு "மாமா 127 டிகிரி காட்டுது, எரியப் போகுது"ன்னு கத்தினான். அது மதர்போர்டுல எதுக்கும் கனெக்ட் ஆகாத ஒரு சென்சார், சும்மா 127ன்னு நிக்கும், மிஷின் ஆன் பண்ண உடனேயும் 127, ராத்திரியும் 127. அசையாத நம்பர நம்பக் கூடாதுன்னு சொல்லி உக்கார வெச்சேன்.

சரி முதல்ல தூசி. சைடு பேனலைக் கழட்டினா ஃபேனுக்கும், அதுக்கு அடியில பிராசசர் சூட்டை வாங்கிக்கற ஹீட்சிங்க்குங்கற அலுமினியக் கட்டிக்கும் நடுவுல சாம்பல் கலர்ல மெத்து மெத்துன்னு ஒரு படலம், கீழ மூலையில பல்லி முட்டை ஓடு ரெண்டு. மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய் புளோயர் அடிச்சோம். அடிக்கறப்ப ஃபேன் ரெக்கையை விரலால புடிச்சுக்கணும், இல்லன்னா காத்து வேகத்துல கண்டபடி சுத்தி பேரிங் போயிரும், மச்சான் அது சுத்துற அழகைப் பாக்க விரலை எடுக்கறான், ரெண்டு தடவை திட்டினேன்.

மாட்டி, பிராசசருக்கு முழு லோடு குடுத்து டெஸ்ட் பண்ற பிரைம்95 சாஃப்ட்வேரை ஓட்டினோம். அதே 100. ஃபேன் முழு ஸ்பீடுல சுத்துது, ஆர்பிஎம் சரியா காட்டுது. தூசி போனதுல பிராசசர் டெம்பரேச்சர் ஒரு டிகிரி கூட இறங்கல, எனக்குதான் தும்மல்.

மே 8, புதன்

இன்னைக்கு மச்சான் இல்ல, நிம்மதியா யோசிக்க முடிஞ்சது.

சைடு பேனலைக் கழட்டி வெச்சு டேபிள் ஃபேனை நேரா உள்ள பாத்து வெச்சேன். காத்து ஓட்டம் பிரச்சனைன்னா இதுல நல்லாவே இறங்கணும். ம்ஹும். அதே 100, ஸ்பீடு 2.2க்கு பதிலா 2.3, அவ்வளவுதான். அப்ப கேபினெட் சூடோ ரூம் சூடோ முக்கிய காரணம் இல்ல.

இன்னொண்ணு கவனிச்சேன், எனக்கு இதுதான் பெரிய துப்பு. நம்பர் எவ்வளவுங்கறத விட எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாக்கணும். டெஸ்ட் ஸ்டார்ட் பட்டனை அமுக்குறேன், 62ல இருந்தது கண்ணு சிமிட்டுறதுக்குள்ள 100. ஸ்டாப் அமுக்கின உடனே தடால்னு 70. கூலர் நல்லா ஒட்டி இருந்தாலும் லோடு வந்ததும் ஒரு இருபது முப்பது டிகிரி சட்டுனு ஏறத்தான் செய்யும், ஆனா அதுக்கு மேல அந்த அலுமினியக் கட்டி சூடாகணுமே, அதுக்கு சில நிமிஷம் புடிக்கும், கிராஃப் மெதுவா சாஞ்சு ஏறும். இங்க சாய்வே இல்ல, செங்குத்தா ஏறி செங்குத்தா விழுது. சூடு சிப்பை விட்டு வெளியவே வரலன்னு அர்த்தம்.

சந்தேகத்தைத் தீர்க்க பிராசசர் 100ல ஓடிகிட்டு இருக்கறப்பவே ஹீட்சிங்க்கோட ஓரத்தை, ரெக்கை படாம ஜாக்கிரதையா, அடிப்பக்கமா தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு கூட சொல்ல முடியாது. உள்ள தண்ணி கொதிக்கற சூடு, அரை இன்ச் மேல கை வெச்சா ஒண்ணுமே தெரியல. நிறைய பேரு ஹீட்சிங்க் கொதிச்சாதான் பிரச்சனைன்னு நினைக்கறாங்க, இந்த மாதிரி கேஸ்ல அது கொதிக்காம இருக்கறதுதான் பிரச்சனை.

அப்ப பேஸ்ட், இல்லன்னா பிடிமானம். ஜனவரில ரேம் போடறதுக்கு ஒரு கடையில குடுத்தப்ப கேக்காமலே "சர்வீஸ் பண்ணி பேஸ்ட்டும் மாத்திட்டோம் சார்"னு முன்னூறு ரூபா சேத்து வாங்கினாங்க. மார்கழி தை குளிருல ஒண்ணும் தெரியல.

மே 9, வியாழன்

கழட்டியாச்சு. இன்டெல் ஸ்டாக் கூலர்ல ஸ்க்ரூ கிடையாது, நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் புஷ் பின். கருப்புத் தலையில அம்புக்குறி போட்டு இருக்கும், அந்தப் பக்கமா கால் சுத்து திருப்பி மேல இழுத்தா வந்துரும். மூணு பின் டக் டக்குனு வந்துச்சு. நாலாவது, ரேம் பக்கத்து மூலை, நான் திருப்பறதுக்கு முன்னாடியே கையோட வந்துருச்சு.

போர்டையே வெளிய எடுத்து பின்பக்கம் திருப்பிப் பாத்தேன். அந்தப் பின்னுக்கு அடியில வெள்ளைக் கலர்ல ரெண்டா பொளந்த கால் இருக்கும், அது போர்டு ஓட்டைக்குள்ள போனதும் கருப்பு ஊசி நடுவுல இறங்கி ரெண்டு காலையும் விரிச்சு லாக் பண்ணும். இதுல ஒரு கால் உடைஞ்சு போயிருக்கு, இன்னொண்ணு மடங்கி நசுங்கி வெள்ளை வெளேர்னு கோடு விழுந்திருக்கு. ஓட்டைக்குள்ள நேரா இறக்காம பலத்தைப் போட்டு அமுக்கி இருக்காங்க. மேல இருந்து பாத்தா நாலும் உக்காந்த மாதிரியே தெரியும், யாரும் பின்பக்கம் பாக்க மாட்டாங்க.

ஹீட்சிங்க் அடிப்பக்கத்துல பேஸ்ட் பதிஞ்ச விதமே கதை சொல்லிருச்சு. ஒரு மூலையில நசுங்கி கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கு, எதிர் மூலையில ட்யூப்ல இருந்து வந்தபடியே குவியலா, சிப்போட தகட்டைத் தொட்ட தடமே இல்ல. அந்தப் பக்கம் முழுக்க காத்து. காத்தோட வெப்பம் கடத்துற திறன் 0.026ன்னா அலுமினியத்தோடது 237, ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம், பேஸ்ட் போடறதே அந்தக் கண்ணுக்குத் தெரியாத காத்து இடைவெளிய அடைக்கறதுக்குதான். கூலரே தூக்கிகிட்டு நின்னா எந்த கம்பெனி பேஸ்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல.

அந்தக் கடைக்குப் போய் சண்டை போடலாமான்னு வீட்ல கேட்டாங்க. நாலு மாசம் ஆச்சு, "நாங்க குடுக்கறப்ப நல்லா இருந்துச்சு சார்"ம்பாங்க. விடு.

மே 10, வெள்ளி

அட்சய திருதியை. நகைக் கடை கூட்டத்துல வண்டி நகரல, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள நானே த்ராட்டில் ஆயிட்டேன்.

பின் மட்டும் தனியா வேணும்னு கேட்டா ரெண்டு கடையில புதுக் கூலர் வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. மூணாவது கடையில ஒரு அண்ணன், வயசானவரு, பெஞ்சுக்கு அடியில இருந்து பழைய கூலரா போட்டு வெச்ச அட்டைப் பெட்டியை இழுத்து வெச்சாரு. மேல இருந்ததை எடுத்தேன், "அது 775 தம்பி, கோர் 2 டுவோ காலத்துது, ஓட்டை தூரம் 72 மில்லி, உன்னுது 75, சேராது"ன்னு கண்ணாலயே பாத்து சொல்லிட்டாரு. அப்புறம் நாலாம் ஜெனரேஷன் ஐ3ல இருந்து கழட்டின ஒண்ணைக் குடுத்தாரு. பிராசசர் உக்கார்ற சாக்கெட்டுல 1156ல இருந்து என்னோட 1200 வரைக்கும் அந்த 75 மில்லியை இன்டெல் மாத்தவே இல்ல, நல்ல வேளை. ஐம்பது ரூபா. கூடவே ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட் ஒரு சின்ன சிரிஞ்ச், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில்.

மே 11, சனி

போர்டை கேபினெட்டுக்கு வெளிய, மேஜை மேல வெச்சே மாட்டினேன். உள்ள வெச்சு அமுக்கினா போர்டு வில்லா வளையுது, பின் சரியா இறங்குச்சான்னும் தெரியாது. பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட துணியில தொடச்சு, நடுவுல பட்டாணி அளவு ஒரே சொட்டு, தேய்க்கல, கூலர் அமுங்கறப்ப அதுவே பரவிக்கும். பின் தலை எல்லாத்தையும் முதல்ல பழைய இடத்துக்கு திருப்பி வெச்சுக்கணும், அம்புக்குறி பக்கம் திரும்பி இருந்தா அது லாக் ஆகாது. அப்புறம் குறுக்கு மூலை ரெண்டும் சேத்து ஒரு அமுக்கு, மத்த ரெண்டும் ஒரு அமுக்கு. நாலு க்ளிக். பின்பக்கம் டார்ச் அடிச்சு நாலு வெள்ளைக் காலுக்கு நடுவுலயும் கருப்பு ஊசி எட்டிப் பாக்குதான்னு பாத்துட்டுதான் உள்ள ஏத்தினேன்.

கரண்டு போச்சு. சாயந்திரம்தான் வந்துச்சு.

ஆன் பண்ணி பத்து நிமிஷம் சும்மா விட்டா 43. ரூம் 36 டிகிரி, சுவத்து கடிகாரத்துல இருக்கற தெர்மாமீட்டர் சொல்லுது. எக்ஸ்போர்ட் போட்டேன், 43ல இருந்து 65க்கு தாவி, அங்க இருந்து நிதானமா 70, 75, 80... அந்த சாய்வைப் பாத்ததும் எனக்கு வந்த சந்தோஷம் மச்சானுக்குப் புரியல, "இன்னும் ஏறிகிட்டுதான மாமா இருக்கு"ங்கறான்.

மே 14, செவ்வாய்

அவன் சொன்னதும் தப்பில்ல. நீளமான எக்ஸ்போர்ட்ல 88 வரைக்கும் போய் நிக்குது. த்ராட்டில் ஆகல, ஆனா ஃபேன் கத்துது. பேக்கேஜ் பவர், அதாவது சிப் மொத்தமா இழுக்கற கரண்டு, பாத்தா 90 வாட்டை ஒட்டி ஓடிகிட்டு இருக்கு. இந்த சிப்புக்கு இன்டெல் சொன்ன கணக்கு, நீண்ட நேரத்துக்கு 65 வாட், நடுவுல 28 செகண்டு வரைக்கும் 134 வாட் இழுத்துக்கலாம். நிறைய மதர்போர்டுல அந்த வேலியைக் கழட்டி விட்டுதான் அனுப்பறாங்க, பெஞ்ச்மார்க்ல நம்பர் நல்லா வரணுமே. இந்தக் குட்டிக் கூலருக்கு அது தாங்குமா.

மதர்போர்டோட செட்டிங்ஸ் இருக்கற பயாஸ்ல போய் பிஎல்1, அதாவது அந்த நீண்ட நேர எல்லை, 65 வாட், டைம் 28 செகண்டுன்னு கையால போட்டேன். இப்ப நீண்ட லோடுல 76. ரூம் 36ன்னா நாப்பது டிகிரி ஏத்தம், மார்கழில ரூம் 24 இருந்தா இதே மிஷின் 64ல நிக்கும், அதனால எவனாவது "எனக்கு 60தான் வருது"ன்னு சொன்னா உங்க ஊர்ல ரூம் எவ்வளவுன்னு முதல்ல கேக்கணும். இருபது நிமிஷ எக்ஸ்போர்ட் ரெண்டு நிமிஷம் கூடுதல் ஆகுது. பரவால்ல, அந்த நேரத்துல தண்ணி குடிச்சுக்கலாம்.

மே 18, சனி

கம்ப்யூட்டர் டேபிளோட அந்தக் கதவு வெச்ச அறை ஒரு எமன். டவரை அதுக்குள்ள வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டினா 84, வெளிய தரையில வெச்சா 76. பின்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன் தள்ளுற சூட்டை முன்பக்க ஃபேன் திரும்ப இழுத்துக்குது, போறதுக்கு வழி இல்ல. கதவைக் கழட்டிட்டு பின் பலகையில பெரிய ஓட்டையா போடலாம்னா "டேபிள் நல்லாத்தான இருக்கு"ன்னு வீட்ல விடல. தரையில வெச்சா பெருக்கறப்ப தூசி மொத்தமும் உள்ள போகுதுங்கறதும் உண்மைதான். கடைசில மேஜைக்குப் பக்கத்துல பழைய டீப்பாய் மேல ஏத்தி வெச்சாச்சு, சுவத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி.

ஸ்க்ரூவும், போர்டுக்குப் பின்னாடி தாங்கற பேக் பிளேட்டும் வெச்ச டவர் கூலர் ஒண்ணு ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்குது. சீசன் பணம் கைக்கு வந்ததும் வாங்கணும், இந்த பிளாஸ்டிக் பின் மேல எனக்கு நம்பிக்கை வரவே வராது. இப்போதைக்கு ரெண்டு கல்யாணம் டெலிவரி குடுத்தாச்சு, ஒரு சீமந்தம் ரெண்டரிங்ல ஓடுது, 74.