தண்ணீருக்குக் கீழே நெல்

ஆலப்புழையிலிருந்து கோட்டயம் போகும் அரசுப் படகில் ஏறினேன். படகு வீட்டு வாடகையெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாது. இது நம்மூர் டவுன் பஸ் மாதிரி. துறைக்குத் துறை நின்று பள்ளிப் பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொள்கிறது.

கொஞ்ச தூரம் போனதும்தான் உறைத்தது. காயல் தண்ணீர் மேலே இருக்கிறது, வரம்புக்கு அந்தப்புறம் நெல் கீழே இருக்கிறது. படகில் உட்கார்ந்தபடி வயலைக் குனிந்து பார்த்தேன்! நான் தஞ்சாவூர்க்காரன். வயலுக்குத் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்தே வளர்ந்தவன். கேரளத்தின் இந்தக் குட்டநாட்டில் கவலையே தலைகீழ்: தண்ணீரை எப்படி வெளியே தள்ளுவது?

இங்கே கடல் மட்டத்துக்கு 2 மீட்டருக்கும் கீழே கிடக்கும் வயல்கள் உண்டு. காயலின் அடிச்சேற்றை அள்ளி வரம்பு கட்டி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து உண்டாக்கிய நிலம். சித்திர, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெயர் தாங்கிய காயல் நிலங்களை 1940-களில் முரிக்கன் என்பவர் மீட்டார். மீட்டவர் அவர் என்றுதான் எழுதுகிறார்கள்; மூச்சடக்கி முங்கிச் சேறு எடுத்தவர்களுக்குப் பெயர் இல்லை. முன்பு சக்கரத்தைக் காலால் மிதித்து இறைத்தார்கள். பிறகு 'பெட்டியும் பறையும்' வந்தது: மரப்பீப்பாய் வழியாகத் தண்ணீரை மேலேற்றி, மரப்பெட்டி வழியாக வரம்புக்கு வெளியே கொட்டும் பம்பு.

ஒரு துறையில் இறங்கி வரம்போரக் கடையில் டீ குடித்தேன். பக்கத்திலேயே மோட்டார் கடகடத்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்துல எப்படி சேட்டா தூங்குறீங்க?"

"சத்தம் நின்னாதான் உறக்கம் போகும்" என்றார் கடைக்காரர்.

ஒரே வரம்புக்குள் பலருடைய நிலம். அதைப் பாடசேகரம் என்கிறார்கள். ஒருவர் மட்டும் தனியாக விதைக்க முடியாது. எல்லாரும் சேர்ந்து இறைத்தால்தான் யாருக்கும் தரை தெரியும். எங்கள் ஊரில் முறைத்தண்ணீருக்கு மண்வெட்டி தூக்கிய பங்காளிகளை நினைத்துக்கொண்டேன்.

கோடையில் கடலின் உப்பு ஏறாமலிருக்க 1970-களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை வந்தது. நெல் பிழைத்தது. ஆனால் உப்புப் பட்டால் சாகும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தே பிழைத்துக்கொண்டது. கடலுக்கும் காயலுக்கும் போய்வரும் மீன், இறாலுக்கு வழி அடைபட்டது.

திரும்பும்போது அந்த ஆகாயத்தாமரை படகின் விசிறியில் சுற்றிக்கொண்டது. ஊழியர் ஒருவர் கழியை விட்டுக் கிளறி எடுக்கும்வரை நின்றோம். யாரும் முணுமுணுக்கவில்லை. எதிரில் இருந்த பாட்டி சாவகாசமாக வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.