பூனைக்குட்டியின் மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் வேண்டாம்

பூனைக்குட்டி மலம் கழிக்காமல் முக்குவதைக் கண்டதும், நம் குமரி மாவட்டத்து வீடுகளில் பெரியவர்கள் அன்போடு சொல்லும் முதல் மருந்து விளக்கெண்ணெய். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால், வாயில் வலிந்து ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைத் தாக்கக்கூடும் என்பதால், அந்த மருந்தை ஏற்க என்னால் இயலவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது குட்டியின் வயது. பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை குட்டியால் தானாக மலமோ சிறுநீரோ கழிக்க முடியாது. தாய் நக்கிவிடும்போதுதான் அவை வெளியேறும். தாயில்லாக் குட்டிக்கு, ஒவ்வொரு முறை பாலூட்டிய பின்பும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஆசனவாய்ப் பகுதியை மெதுவாக வருடிவிட வேண்டும். இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் ஊரில் நனைந்து கிடைக்கும் குட்டிகள் பெரும்பாலும் குளிர்ந்துபோயிருக்கும். உடல் குளிர்ந்த குட்டிக்குச் செரிமானம் நடக்காது என்பதால், துணியில் சுற்றிச் சூடேற்றிய பின்பே பாலூட்ட வேண்டும். குட்டிகளுக்கான பால்மாவை, சத்து கூடட்டும் என்று, சொல்லப்பட்ட அளவை மீறிக் கெட்டியாகக் கரைப்பதும் மலத்தை இறுக்கிவிடும்.

திட உணவுக்கு மாறும் குட்டிகளில் பெரும்பாலும் நீர்க்குறைவுதான் காரணமாகிறது. உலர் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். சாளையோ நெத்திலியோ கொடுப்பதானால், உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து, முள்ளை முழுவதும் நீக்கி, அவித்த நீரோடு பிசைந்து கொடுங்கள். மீன்குழம்புச் சோறு கூடவே கூடாது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி சிறிதளவு சேர்ப்பதும் உதவும். குடற்புழுக்கள் மிகுந்தாலும் அடைப்பு ஏற்படும் என்பதால், புழுநீக்க மருந்தைக் குட்டியின் எடைக்கேற்ப மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

மனிதருக்கான பேதி மாத்திரைகளையும் எனிமாவையும் தொடவே வேண்டாம். குறிப்பாக, பாஸ்பேட் கலந்த எனிமா பூனையின் உயிரையே பறித்துவிடும். இரண்டு நாள்களாக மலம் இறங்காவிட்டாலும், அதற்கு முன்பே வாந்தி, சோர்வு, வயிற்று உப்பல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். முக்கும் குட்டி சிறுநீரே கழிக்கவில்லை என்றால் அது மலச்சிக்கலாக இல்லாமல் சிறுநீர் அடைப்பாகவும் இருக்கலாம். அந்நிலையில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.