தம்பியின் சர்க்கரை அளவு கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர் வரை

தம்பி சிங்கப்பூரின் சாங்கிச் சிறைக்குப் போன நாளிலிருந்து அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உள்ளே அவனுக்கு மாத்திரை கொடுக்கிறார்களா, இல்லையா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரு பதில் வாங்க எனக்குப் பதினொரு வாரம் பிடித்தது. அதில் பாதி என் தவறு. மிச்சத்தில் பெரும்பங்கு தம்பியுடையது.

அவன் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை போன சமயத்தில், முகம் தெரியாத ஒருவனுக்கு 600 சிங்கப்பூர் வெள்ளிக்குத் தன் வங்கிக் கணக்கைக் கொடுத்தான். அந்தக் கணக்கு வழியாக யார் யாரோ ஏமாந்த பணம் ஓடியது. 12 மாதச் சிறை. மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் நிபந்தனையோடு வெளியே விடும் முறை 2014 முதல் நடப்பில் இருப்பதால், எங்கள் கணக்குக்கு எட்டு மாதம். தீர்ப்பைக் கேட்டு அம்மா அழவில்லை. "மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு போகவில்லையே" என்றார். தம்பிக்கு 31 வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சொத்து அது.

முதல் முறை பார்க்கப் போனபோது பூன் லேயில் ரயில் ஏறி தானா மேராவில் இறங்கினோம். தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனை. அங்கிருந்து 2ஆம் எண் பஸ். பஸ்ஸில் இருந்தபடியே பழைய சிறையின் வாயிலும் மதிலும் தெரியும். 1936இல் கட்டிய சிறையில் மிச்சம் வைத்திருப்பது அவ்வளவுதான். 2016இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அம்மா அந்தக் கதவை, பஸ் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மெலிந்திருந்தான். சட்டைக் கழுத்துக்கும் அவன் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று மூன்று தடவை சொன்னான். மாத்திரையைப் பற்றி அம்மா கேட்டபோது பூனைக்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டான். எங்கள் வீட்டில் பூனை இருந்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை அது. திரும்பி வரும்போது ரயிலில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. லேக்சைடு தாண்டியதும், "அந்தப் பையனுடைய அம்மாவிடமும் இப்படித்தானே சொல்லியிருப்பான்" என்றார்.

எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வயதுத் தமிழ்க் குடும்பங்களில் இது மறக்கிற செய்தி இல்லை. 2010 செப்டம்பரில் சாங்கியில் 21 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், அதிகாரிகள் அடக்கிப் பிடித்தபோது மூச்சுவிட முடியாத நிலையில் கிடந்து இறந்துபோனார். 2013 ஜூலையில், பொறுப்பிலிருந்த அதிகாரிக்குக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மரண விசாரணையை மறுபடி நடத்தச் சொல்லி அந்தத் தாய் நீதிமன்றம் ஏறினார், அது நடக்கவில்லை. அம்மா அந்தச் செய்தியை அன்றே நாளிதழிலிருந்து கத்தரித்து வைத்திருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. மளிகை ரசீதுகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

அடுத்த சந்திப்புக்குப் போனபோது முகப்பில் இருந்த அதிகாரியிடம் கேட்டேன். பெண்மணி, மரியாதையாகத்தான் பேசினார். மருத்துவ விவரம் கைதியின் சம்மதம் இல்லாமல் குடும்பத்துக்குச் சொல்லப்படாது, எழுதிக் கேளுங்கள் என்றார். நியாயமான விதிதான். என் சர்க்கரை அளவை என் மேலாளரிடம் யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பேனா? ஆனால் அன்று எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அன்று இரவே இரண்டு பக்க மின்னஞ்சல் எழுதினேன். அதில் எல்லாம் இருந்தது: என் அப்பாவின் மரணம், தம்பியின் குழந்தைப் பருவம், மனிதாபிமானம், 2010. தம்பியின் கைதி எண் மட்டும் இல்லை. என்ன வேண்டும் என்ற ஒரு வரியும் இல்லை. கிடைத்தது, பார்க்கிறோம் என்று ஒரு பதில் வந்தது. அதற்குமேல் வந்த கேள்வி, கைதி எண் என்ன என்பதுதான். அதைப் பார்த்துக் கோபப்பட்டு ஒரு வாரம் பதிலே எழுதாமல் இருந்தேன். இந்த வாரத்தை என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வாரத்தில்தான், சிறையை நடத்துகிறவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். எந்தத் தாளை யார் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சிறைத்துறை உள்துறை அமைச்சின்கீழ் வருகிறது. அமைச்சர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அந்த அமைச்சின் செலவை உறுப்பினர்கள் கேள்வி கேட்டுத்தான் நிறைவேற்றுகிறார்கள். இது மேலே போகும் வழி. பக்கவாட்டில் இன்னொரு வழி இருக்கிறது: வெளியிலிருந்து நியமிக்கப்படும் வருகை நீதிபதிகள். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சிறைக்குள் போகலாம், கைதிகளிடம் குறை கேட்கலாம். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அவர்களை நியமிப்பதும் அமைச்சர்தான். சில நாடுகளில் இருப்பதுபோல, அரசுத் துறைகள்மீது பொதுமக்கள் சொல்லும் குறையை விசாரிக்கவென்றே தனியாக ஓர் அலுவலகம் இங்கே கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கிடையாது.

ஒவ்வோர் ஆண்டும் சிறைத்துறை ஒரு கணக்கு வெளியிடுகிறது. 1998இல் விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி உள்ளே போனார்கள். 2019இல் விடுதலையானவர்களில் அது 20 விழுக்காடு. பெரிய இறக்கம், மறுக்க மாட்டேன். தம்பி வெளியே வந்தபின் இந்தக் கணக்கு எனக்கு உதவும். அம்மா கேட்டதோ உள்ளே இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதை.

படித்ததில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது கடித வழக்கு. மரண தண்டனைக் கைதிகளின் கடிதப் பிரதிகள் சிறையிலிருந்து தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்குப் போயிருந்தது ஒரு வழக்கு நடக்கும்போது வெளியே வந்தது. அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொன்னது. பிறகு 13 கைதிகள் வழக்குப் போட்டார்கள். 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம், அவர்களின் சம்மதமின்றிக் கடிதங்களைக் கொடுத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தூக்குக்குக் காத்திருப்பவர்கள், அதுவும் சிறைக்குள்ளிருந்தபடி, தங்களை அடைத்து வைத்திருப்பவர்களைப் பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள். வெளியே சுதந்திரமாகக் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும் நான் ஒரு கைதி எண் எழுத ரோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணை அனுப்பினேன். அதோடு நிற்காமல், அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் இரவில் போய் வரிசை எண் எடுத்தேன். புளோக்கின் கீழே உள்ள பாலர் பள்ளியில்தான் நடக்கிறது. பிள்ளைகளின் நாற்காலிகளைத்தான் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. அந்தக் குட்டிச் சிவப்பு நாற்காலியில் முழங்கால் மார்பைத் தொட, மடியில் கைப்பையை அணைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் எண் 43. அப்போது 12 ஓடிக்கொண்டிருந்தது.

மனு எழுதித்தரும் தொண்டூழியர் ஒரு தமிழ்ப் பையன், பல்கலைக்கழக மாணவனாக இருக்க வேண்டும். என் இரண்டு பக்க மின்னஞ்சலை நீட்டினேன். படித்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, உங்களுக்கு என்ன பதில் வேண்டும்?"

"தம்பிக்கு மருந்து கொடுக்கிறார்களா என்று."

"அப்படியானால் அதை மட்டும் கேட்போம். மற்றதெல்லாம் இருந்தால், எதற்குப் பதில் சொல்ல எளிதோ அதற்குத்தான் பதில் வரும்."

பெயர், கைதி எண், சேர்ந்த தேதி, நோய், முன்பு சாப்பிட்ட மருந்தின் பெயர், கடைசியாகப் பார்த்த பாலிகிளினிக் சந்திப்புத் தேதி, ஒரே கேள்வி. ஆறு வரியில் முடித்துவிட்டான். அம்மா மாத்திரை அட்டையைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்தே எழுத்துக்கூட்டி எழுதினான். இந்தக் கடிதம் யாருக்குப் போகும் என்று கேட்டேன். சிறைத்துறைக்குத்தான் என்றான். சிரித்துவிட்டேன். அமைச்சுக்கு எழுதினாலும் அங்கேதான் போகும், முகப்பில் கேட்டாலும் அங்கேதான். என் அலுவலகத்தில் நான் எழுதிய கணக்கை நானே தணிக்கை செய்ய ஒருநாளும் விட மாட்டார்கள். பையன் அதை மறுக்கவில்லை. "எம்பி கையெழுத்தோடு போனால் பதிலும் எம்பிக்கு வர வேண்டும் அக்கா. வராவிட்டால் கேட்க எங்களிடம் ஒரு தேதி இருக்கும்" என்றான். இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அவன்தான் சொன்னான். ஒருவருடைய பிரச்சினை என்றால் கடிதம்; எல்லோருக்கும் பொருந்தும் கேள்வி என்றால் அதை நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லலாம். அங்கே கேட்டால் அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும், அது பதிவில் நிற்கும், யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்விதான் தர முடியும், அதிலும் வாய்மொழிப் பதிலுக்கு மூன்றுதான். ஆகவே தனித்தாளில், நீரிழிவு போன்ற நோயுள்ள கைதிகளை உள்ளே எப்படிக் கண்காணிக்கிறார்கள், குடும்பத்துக்கு எதைத் தெரிவிக்கலாம் என்று ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

உறுப்பினரைப் பார்த்தபோது மணி பத்தரை. சீனர். நான் விளக்கத் தொடங்குமுன் அம்மா முந்திக்கொண்டு, சந்தையில் பேசும் மலாயில், "தோலோங், துவான்" (உதவுங்கள், ஐயா) என்றார். அவரும் மலாயிலேயே பதில் சொன்னார். கடிதத்தைப் படித்துக் கையெழுத்திட்டார். தனித்தாளைப் படித்துவிட்டு, பார்க்கிறேன் என்று கோப்புக்குள் வைத்துக்கொண்டார். எல்லாமாக நான்கு நிமிடம். அதற்குப்பின் ஒவ்வொரு நாடாளுமன்ற அமர்வுக்கும் முன்னால் கேள்விப் பட்டியலை எடுத்துப் பார்த்துவருகிறேன். என் கேள்வி இதுவரை வரவில்லை. யார் யாரோ என்னென்னவோ கேட்கிறார்கள். அதைப் படிப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு பத்தி. தம்பி சிறையில் சேர்ந்தபோதே மருத்துவப் பரிசோதனை செய்யப்பட்டது, தொடர்ந்து மருத்துவரின் கவனிப்பில் இருக்கிறார், சிகிச்சையின் விவரத்தை அவர் சம்மதித்தால்தான் தெரிவிக்க முடியும். அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் அவன் சம்மதிக்கவில்லையா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அதுவரை நான் தேடிய குற்றவாளிப் பட்டியலில் தம்பியின் பெயர் இல்லை.

அடுத்த சந்திப்பில் அவன் எங்களைப் பார்த்ததுமே, "எம்பி வரைக்கும் போய்விட்டீர்களா அக்கா?" என்று கேட்டான். ஓர் அதிகாரி அவனை அழைத்து, வீட்டில் கவலைப்படுகிறார்கள், சொல்ல விருப்பமா என்று கேட்டிருக்கிறார். இவன் இரண்டு நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள்" என்றான் அம்மாவிடம்.

விஷயம் அதுதான். அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த ஒன்றரை ஆண்டில் காலை எடுத்தார்கள், அடுத்த ஆண்டு அவர் போய்விட்டார். அன்றிலிருந்து ஊசி என்றால் அம்மாவுக்கு முடிவு என்று பொருள். சர்க்கரை ஏறிப்போன பிறகுதான் அப்பாவுக்கு ஊசியே போட்டார்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்; ஏறவில்லை. தம்பிக்கு அது தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். உள்ளே போனபோது அவனுடைய சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 10.4. இப்போது 7.2 என்று விரல்விட்டுச் சொன்னான். நள்ளிரவு மீ கோரிங் இல்லை, பால் தேநீர் இல்லை, சாப்பாடு அளந்து வருகிறது. மெலிந்ததற்குக் காரணம் அதுதான்.

அம்மா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் அவனையே பார்த்தார். 7.2 நல்லதா என்று என்னைக் கேட்டார். நல்லதுதான், பத்து ஆண்டில் அவனுக்கு இவ்வளவு குறைந்ததில்லை என்றேன். தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால், அந்தக் குட்டி நாற்காலியில் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேனா?"